ஒத்தியங்காச் சுழற்சி: ‘இணைச் சுழற்சி’ என்பது ஏன் தவறு

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் ‘ஏசிங்க்’ (‘ஏசிங்க்ரோனஸ்’ என்பதன் சுருக்கம்) என்று எதைக் கண்டாலும் ‘இணை’ என்று எழுதிவிடும் பழக்கம் தமிழ்ப் பாடங்களில் ஊறிவிட்டது. ஒவ்வோர் உருப்படிக்கும் காத்திருந்து ஓடும் ‘ஃபார் அவெயிட்’ சுழற்சியைக்கூட ‘இணைச் சுழற்சி’ என்றே பல காணொளிகளில் சொல்கிறார்கள். அதை நம்பிப் படிப்பவர் எழுதும் நிரலே தப்பாகிவிடும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

‘ஏசிங்க்ரோனஸ்’ என்பதன் வேர் எளிது. கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் சேர்ந்து, ‘க்ரோனோஸ்’ என்றால் காலம். முன்னால் நிற்கும் ‘அ’ இன்மையைக் குறிக்கும். காலத்தால் சேர்ந்து நடவாதது என்பது பொருள். ‘இணை’ இதற்கு நேர் எதிர்த் திசையில் அல்லவா போகிறது?

இணையாக ஓடுவதென்றால் ஒரே கணத்தில் இரண்டு வேலை நடக்க வேண்டும். ஒர்க்கர்கள் என்னும் துணை இழைகளைத் தனியே கிளப்பினால் ஒழிய, ஜாவாஸ்கிரிப்ட் நம் நிரலை ஒரே இழையில்தான், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலையாகத்தான், ஓட்டுகிறது. மூன்று முகவரிகளிலிருந்து தரவு எடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் 1 நொடி பிடிக்கும் என்று வையுங்கள். ‘ஃபார் ஆஃப்’ சுழற்சிக்குள் ‘அவெயிட்’ போட்டு ஒவ்வொன்றாக எடுத்தால் 3 நொடி ஆகும். ‘மேப்’ வழியாக மூன்றையும் தொடங்கிவைத்து ‘ப்ராமிஸ்.ஆல்’ கொண்டு காத்திருந்தால் ஏறக்குறைய 1 நொடி. அப்போதுகூட ஒன்றாக நடப்பது காத்திருப்புதான். பதில் வந்தபின் நம் நிரல் ஒவ்வொன்றாகத்தான் ஓடும். பட்டியலின் ஒவ்வோர் உருப்படிக்கும் ஒரு செயற்கூற்றை அழைக்கும் ‘ஃபார்ஈச்’சுக்குள் ‘ஏசிங்க்’ செயற்கூறு கொடுத்தால் கதையே வேறு. அந்தச் செயற்கூறு திருப்பித் தரும் ப்ராமிஸை (பிறகு வரப்போகும் விளைவுக்கான உறுதிச்சீட்டை) ‘ஃபார்ஈச்’ கண்டுகொள்வதே இல்லை. அடுத்த வரியில் இருக்கும் ‘முடிந்தது’ முதலில் அச்சாகும், தரவு அப்புறம் வரும். இப்படி மூன்று விதமாக நடப்பவற்றுக்கு ‘இணை’ என்று ஒரே முத்திரை குத்தினால், எது ஏன் நிற்கவில்லை என்று மாணவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஜாவாஸ்கிரிப்ட் மொழித்தரத்தின் 2018 பதிப்பில் வந்த ‘ஃபார் அவெயிட்’ இன்னும் தெளிவான சான்று. அடுத்த உருப்படியைக் கேட்கும், அது வரும்வரை காத்திருக்கும், உடற்பகுதியை ஓட்டும், பிறகே அதற்கடுத்ததைக் கேட்கும். உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் பெரிய கோப்பொன்றை இப்படி வரிவரியாகப் படித்தால் வரிசை பிசகாது. இதையா இணை என்பது!

‘ஒத்திசைவற்ற’ என்பதும் எனக்கு உவப்பில்லை. இசைவு கெட்ட வீட்டையும் சுருதி சேராத பாட்டையும் அது நினைவூட்டுகிறது. நிரலில் எந்தக் கோளாறும் இல்லையே. ‘காத்திராச் சுழற்சி’ என்றும் சிலர் சொல்கிறார்கள். ‘அவெயிட்’ என்றாலே ‘காத்திரு’. காத்திருக்கும் சுழற்சிக்குக் ‘காத்திரா’ என்று பெயரா? நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டி மொழிபெயர்ப்பதால் வரும் வினை இது.

‘ஒத்தியங்கா’ என்பதே என் தேர்வு. ஒத்து இயங்குவது என்ற கருத்தை வைத்துக்கொண்டே மறுக்கிறது, காலப் பொருளையும் தாங்குகிறது. ‘ஒத்தியங்காத’ என்பதன் ஈறு கெட்டு வந்த எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் பின்னால் வல்லினம் மிகும்: ஒத்தியங்காச் சுழற்சி, ஒத்தியங்காச் செயற்கூறு. ‘ப்ராமிஸ்.ஆல்’ வழிக்கும் தனிப்பெயர் வேண்டுமென்றால் ‘ஒருங்கே தொடங்கல்’ என்று சொல்லலாம். அங்கே நடப்பது அதுதான்.