கழுத்து அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு எதையெல்லாம் உரிமையோடு கேட்கலாம்?

எங்கள் பெரியப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது வாரம். மாடிப்படியில் நின்றுகொண்டு, ஒரு கையால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, வலது காலால் அடுத்த படியைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார். பல வருடமாக மோவாய் நெஞ்சில் முட்டுகிற அளவுக்குக் கழுத்து முன்னால் வளைந்து, தரையை மட்டுமே பார்த்து நடந்த மனிதர். இப்போது தலை நிமிர்ந்துவிட்டது, எதிரில் வருகிறவர் முகம் தெரிகிறது, ஆனால் தன் கால் தெரியவில்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, படி எங்க முடியுதுன்னுதான் தெரியலப்பா" என்றார். டிஸ்சார்ஜ் ஆகும்போது இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கையில் கொடுத்த தாளில் மாத்திரைப் பெயர்களும் அடுத்த செக்கப் தேதியும் மட்டும்தான் இருந்தன.

படி இறங்கப் பழக்கிக்கொடுப்பதும் சிகிச்சையில்தான் சேரும். அதைக் கேட்கிற உரிமை நோயாளிக்கு உண்டு. இது நிறைய பேருக்குத் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. 2006 டிசம்பரில் நிறைவேறி, 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் இதை ஏற்றிருக்கின்றன, அதனால் நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் அரசும் ஏற்றிருக்கவே வாய்ப்பு அதிகம். இதன் 26-ஆம் பிரிவு முழுக்க மறுவாழ்வுச் சிகிச்சையைப் பற்றியது. முடிந்தவரை சீக்கிரமாகத் தொடங்க வேண்டும், பல துறை ஆட்கள் சேர்ந்து அந்த ஒரு நபருக்கு என்ன தேவை, அவரால் என்ன முடியும் என்று பார்த்துத் திட்டம் போட வேண்டும், அவர் வசிக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் கிடைக்க வேண்டும் என்கிறது அது. கிராமப்புறத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள்.

"நாங்கள் மாற்றுத்திறனாளி இல்லையே, ஆபரேஷன்தானே செய்துகொண்டோம்" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உடன்படிக்கை நீண்டகாலக் குறைபாடு உள்ளவர்களைப் பற்றித்தான் பேசுகிறது, இரண்டு வாரத்தில் ஆறிவிடுகிற காயம் இதில் வராது. ஆனால் கழுத்து வளைவுக்குச் செய்கிற அறுவையை யோசித்துப் பாருங்கள். கழுத்தில் இருப்பது ஏழு எலும்பு. அவற்றில் பலவற்றை ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து ஒன்றாக இணைத்துவிடுகிறார்கள். இணைத்த இடம் அப்புறம் அசையாது. தலையைத் திருப்புகிற அசைவில் கிட்டத்தட்டப் பாதி மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது, அதனால் அந்த இரண்டும் தப்பித்தால் ஓரளவு திரும்பலாம். அவையும் சேர்ந்துவிட்டால் பக்கவாட்டில் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருக்கும். இது வாழ்நாள் முழுக்க இருக்கிற மாற்றம். உங்கள் நாட்டுச் சட்டம் இதை எந்த அளவில் குறைபாடாகக் கணக்கிடுகிறது என்பதை அங்குள்ள அதிகாரியிடம்தான் கேட்க வேண்டும். கேட்காமலே "நமக்குக் கிடைக்காது" என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, என்னென்ன கேட்பது? மருத்துவமனையிலிருந்தே தொடங்குங்கள். டிஸ்சார்ஜ் நாளுக்கு முன்னாலேயே பிசியோதெரபிஸ்ட் வந்து பார்க்க வேண்டும், முடிந்தால் தொழில்வழிச் சிகிச்சையாளரும் (குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிறவர்) வர வேண்டும். படுக்கையிலிருந்து எப்படி எழுவது (உடம்பை ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் உருட்டி, கையை ஊன்றி எழ வேண்டும், கழுத்தை மட்டும் தூக்கக் கூடாது), காலரை (கழுத்துப் பட்டையை) எத்தனை வாரம் போடுவது, கழற்றலாமா, குளிக்கும்போது என்ன செய்வது, இதெல்லாம் எழுத்தில் வேண்டும். காலர் விஷயத்தில் ஒவ்வொரு சர்ஜனும் ஒவ்வொரு மாதிரி சொல்வார், அதனால் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விழுங்கும் சிரமத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கழுத்தின் முன்பக்கம் வழியாக அறுவை செய்தவர்களுக்குச் சாப்பாடு தொண்டையில் நிற்பதும் குரல் கம்முவதும் சாதாரணம், பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனால் தண்ணீர் குடித்தாலே இருமல் வருகிறது என்றால் அது மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளரிடம் பரிசோதனை கேளுங்கள், இதுவும் மறுவாழ்வுச் சிகிச்சைதான். அதேபோல அறுவை முடிந்து சில நாள் கழித்து, நன்றாக இருந்த தோள்பட்டை திடீரென்று பலவீனமாகிக் கையைத் தூக்க முடியாமல் போவதுண்டு. ஐந்தாவது கழுத்து நரம்பில் வருகிற பிரச்சினை இது. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் தேறிவிடுகிறது, ஆனாலும் அன்றைக்கே சர்ஜனுக்குத் தெரியப்படுத்த வேண்டும். மூச்சு விடச் சிரமம், கழுத்தில் வேகமாகப் பெருகும் வீக்கம், கைகால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, இவற்றுக்கு ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எலும்பு ஒட்டுவதற்குப் பல மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். புகைபிடித்தால் ஒட்டுவது தாமதமாகும், சில சமயம் ஒட்டாமலே போகும். இந்தக் காலக் கணக்கு விடுப்புக்கும் வேலைக்கும் ரொம்ப முக்கியம்.

ஏனென்றால் அடுத்த பெரிய கவலை வேலை. அதே உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு, வேலையைத் தக்கவைப்பதற்கும் வேலைக்குத் திரும்புவதற்கும் அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. பணியிடத்தில் "நியாயமான மாற்றம்" செய்துதர வேண்டும் என்றும் இருக்கிறது. முதலாளி மேல் அளவுக்கு மீறிய சுமை ஏற்றாத, அந்த ஆளுக்குத் தேவையான மாற்றம் என்பதுதான் இதன் பொருள். அதை மறுப்பதே பாகுபாடு என்று 2-ஆம் பிரிவு சொல்கிறது. கழுத்து குனியாதவருக்கு இந்த மாற்றம் பல நேரம் மிகச் சின்ன விஷயம்: கணினித் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்துவது, தாளைச் சாய்வுப் பலகையில் வைப்பது, கூப்பிடுகிறவர்கள் பின்னாலிருந்து வராதபடி மேசையைத் திருப்பிப் போடுவது, முதல் சில வாரம் அரை நாள் வேலை. எடை தூக்குகிறவர், வண்டி ஓட்டுகிறவர் என்றால் வேறு பணிக்கு மாற்றச் சொல்லலாம். வண்டி ஓட்டுவதற்கு மட்டும் அவசரப்படாதீர்கள், சர்ஜன் எழுதிக் கொடுத்த பிறகுதான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158-ஆம் ஒப்பந்தமும் உதவும். நோயாலோ காயத்தாலோ தற்காலிகமாக வேலைக்கு வராமல் இருப்பது வேலையைவிட்டு நீக்கத் தகுந்த காரணம் ஆகாது என்று அதில் இருக்கிறது. 1952-இன் 102-ஆம் ஒப்பந்தம், நோயால் சம்பளம் போனால் உதவித்தொகை தர வேண்டும் என்கிறது, ஒரு நோய்க்கு 26 வாரத்தோடு நிறுத்திக்கொள்ளவும் விடுகிறது. இந்த இரண்டையும் ஏற்காத நாடுகள் நிறைய உண்டு. உங்கள் நாடு ஏற்றதா, ஏற்காவிட்டால் உள்நாட்டுச் சட்டத்தில் இதே மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று தொழிலாளர் துறையிலோ தொழிற்சங்கத்திலோ விசாரியுங்கள்.

கேட்பதை வாய்வார்த்தையாக விடாதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: என்ன அறுவை, எந்தத் தேதியில், எந்த அசைவு இப்போது முடியாது, அது எத்தனை மாதத்துக்கு, எந்த மாற்றம் வேண்டும். கூடவே சர்ஜனின் சான்று. "கழுத்துவலி, ஓய்வு தேவை" என்று எழுதிய சான்றை வைத்துக்கொண்டு ஒன்றும் வாங்க முடியாது. "கீழே குனிந்து பார்க்க இயலாது, இது நிரந்தரம்" என்று அசைவைச் சொல்லி எழுதித் தரச் சொல்லுங்கள். நகலில் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும்.

கேட்டதை மறுத்தால் என்ன செய்வது? ஏற்றுக்கொண்ட நாடுகள் எல்லாம் இந்த உடன்படிக்கையைக் கவனிக்க அரசுக்குள் ஒரு பொறுப்பு அலுவலகமும், வெளியே சுதந்திரமான கண்காணிப்பு ஏற்பாடும் வைத்திருக்க வேண்டும் என்கிறது 33-ஆம் பிரிவு. முதலில் அங்கே எழுதுங்கள். உள்நாட்டு வழி எல்லாம் முயன்று பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை, உங்கள் நாடு இந்த உடன்படிக்கையின் கூடுதல் நெறிமுறையையும் (தனிநபர் புகாருக்கு வழி விடுகிற தனி ஒப்பந்தம்) ஏற்றிருக்கிறது என்றால், உடன்படிக்கையைக் கண்காணிக்கிற ஐ.நா. குழுவுக்கே புகார் அனுப்பலாம்.

பெரியப்பாவுக்கு நாங்கள் திரும்பப் போய்க் கேட்டு வாங்கியது மொத்தம் ஆறு பிசியோதெரபி வகுப்பு. அதில் இரண்டு முழுக்கப் படியிலேயே நடந்தது. இப்போது ஒவ்வொரு படி விளிம்பிலும் மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கிறோம், நாலைந்து படி தள்ளியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, காலடியில் இருப்பதை எண்ணிக்கொண்டு இறங்குகிறார்.