மேட்டில் தெரியும் வயது

ஓய்வுக்காலத்தைக் கோத்தகிரியிலோ குன்னூரிலோ கழிக்க வருபவர்கள் விரைவிலேயே ஒன்றைக் கவனிக்கிறார்கள்: சென்னையின் சமதளத்தில் ஒரு மணி நேரம் நடந்தும் களைக்காத உடல், இங்கே கடைவீதியிலிருந்து வீட்டுக்கு ஏறும் சிறு மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. மலைக்காற்றில் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகக் காரணம் சொல்கிறோம். அதிலும் உண்மை உண்டு. ஆனால் பெரும்பங்கு வயதினுடையது.

உடல் தன் உச்ச உழைப்பின்போது நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதை, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் இத்தனை மில்லிலிட்டர் என்று உடலியலாளர்கள் அளக்கிறார்கள். விளையாட்டு வீரரல்லாத, நலமான முப்பது வயது ஆணுக்கு அது ஏறத்தாழ 40. எழுபது வயதில் 25 அளவுக்கு இறங்கிவிடுகிறது. சமதளத்தில் நிதானமாக நடக்க 10 முதல் 12 போதும் என்பதால் அங்கே இருவருக்கும் வேறுபாடு தெரிவதில்லை. மேடு ஏறும்போதோ தேவை 20ஐத் தொடுகிறது. இளையவர் தம் திறனில் பாதியைச் செலவிடும் இடத்தில் முதியவர் பெரும்பகுதியைச் செலவிட்டுவிடுகிறார். தொழில்நுட்ப நிறுவனங்களில் முதலீடு செய்வதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் என்பதால் எனக்கு இதைக் கையிருப்பு என்று சொல்லவே வருகிறது. அன்றாடச் செலவு அப்படியே இருக்க, கையிருப்பு மட்டும் கரைகிறது; சமதள வாழ்க்கை அதை நெடுநாள் மறைத்து வைக்கிறது.

உயரத்தின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு, கடற்கரையில் இருப்பதுபோலவே, 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம், அது கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் ஆக்சிஜனைச் செலுத்தும் விசை அதனால் தளர்கிறது. இதை உணரும் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்க, எலும்பு மஜ்ஜை கூடுதல் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. செல்கள் ஆக்சிஜன் அளவை உணரும் முறையைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகிய மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, உயரம் பறித்ததில் ஒரு பகுதியை உடல் சில வாரங்களில் தானே மீட்டுக்கொள்கிறது.

வயது பறிப்பது வேறு வகை. இதயத்தின் உச்சத் துடிப்பு ஆண்டுதோறும் சிறிது குறைகிறது, இரத்தக்குழாய்களும் நெஞ்சுக்கூடும் விறைக்கின்றன. இவற்றைவிடச் சிக்கலான மாற்றம் கால் தசையில் நிகழ்கிறது. தசை இழைகள் கூட்டம் கூட்டமாக இயங்குபவை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தண்டுவடத்திலுள்ள ஒரு நரம்புச் செல் ஆணையிடுகிறது. அறுபதுக்குப் பின் அந்த நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாக மடியத் தொடங்க, ஆணையிழந்த இழைகளில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு கிளைவிட்டுத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. மற்றவை சுருங்கி மறைகின்றன. அதிகம் அழிபவை விரைவாகச் சுருங்கும் இழைகள். கால் இடறும்போது மறுகாலைச் சட்டென்று முன்வைத்து உடலைத் தாங்க உதவுபவையும் அவைதாம்.

இதில் எவ்வளவு வயதின் வேலை, எவ்வளவு சும்மா இருப்பதன் வேலை? 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆய்வு செய்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் அளந்தபோது, முப்பது ஆண்டு மூப்பில் அவர்கள் இழந்திருந்த திறன் அந்த மூன்று வாரப் படுக்கையில் இழந்ததைவிடக் குறைவாக இருந்தது. ஆறு மாதப் பயிற்சியில் அந்த இழப்பும் சராசரியாக ஈடாகிவிட்டது. ஐவர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் பாஸ்டனில் நடத்தப்பட்டு 1990இல் வெளியான இன்னொரு ஆய்வையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்: முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய, நலிந்த பத்துப் பேர் எடைப்பயிற்சியைத் தொடங்கினார்கள், எட்டு வாரத்தை நிறைவு செய்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தசையின் பருமன் அதில் சிறு பங்கே கூடியது என்பதால், எஞ்சியிருந்த இழைகளைத் திறம்பட இயக்க நரம்புகள் மீண்டும் பழகியதே பெரும் காரணம் என்று கொள்ளலாம்.

என் பழைய தொழில்வட்டத்தினர் முதுமையை வேறு வழியில் அணுகுகிறார்கள். முதிர்ந்த செல்லைக் கருச்செல் போன்ற இளநிலைக்குத் திருப்பும் நான்கு மரபணுக்காரணிகளை ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா 2006இல் வெளியிட்டார். 2013இல் கூகுள், முதுமையை ஆராயும் காலிகோ நிறுவனத்தைத் தொடங்கியது. 2022இல் 300 கோடி டாலர் முதலீட்டுடன், செல்களுக்கு இளமையை மீட்க முயலும் ஆல்டோஸ் லேப்ஸ் நிறுவனம் வந்தது. அந்த ஆராய்ச்சியை நான் இகழவில்லை. ஆனால் முதலீட்டாளன் முதலில் கேட்பது, இன்று கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான். மேடும் படிக்கட்டும் இன்றே இருக்கின்றன. நெஞ்சுவலி, இதயநோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏற வேண்டும். அப்படியிருக்க, மலையில் வீடு கட்டி வாசல்வரை காரில் வந்து இறங்குவது எனக்கு வீணான செலவாகவே தோன்றுகிறது.

இறக்கத்துக்குத் தனியாக ஒரு சொல். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. இதற்கு ஆக்சிஜன் குறைவாகவே செலவாவதால் மூச்சு வாங்குவதில்லை. மாறாக இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, வலி ஓரிரு நாள் கழித்தே தலைகாட்டுகிறது. பழகப் பழக அதே இறக்கம் தசையை வலுவாக்கவும் செய்கிறது. பழகுமுன் விழாமல் இருப்பதே பாடு.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். மழையில் பாசி பிடிக்கும் நம் மலையூர்ப் படிக்கட்டுகளிலோ பல இடங்களில் கைப்பிடி இல்லை. ஒரு வீட்டுக்காரர் தம் வாசலோடு முடித்துக்கொள்ளும் வேலையன்று அது. ஊராட்சியும் நகராட்சியும் செய்ய வேண்டியது. எடையைத் தாங்குவது மட்டுமே கைப்பிடியின் பயனன்று. நிலையான பொருள் ஒன்றை விரல்நுனியால் மெல்லத் தொட்டாலே, உடல் எப்பக்கம் சாய்கிறது என்ற செய்தி தோல் வழியாக மூளைக்குச் சென்று, தள்ளாட்டம் அளவிடத்தக்க அளவுக்குக் குறைகிறது. கண்ணும் உட்காதும் தரும் செய்தி மங்கிவரும் வயதில் அந்தத் தொடுகையின் மதிப்பு கூடுகிறது.