டீம் லீடர் (டி.எல்.) முடியாதுன்னதுக்கு நீங்க கட்டைவிரல் காட்டாதீங்க சார்

நேத்து சோழிங்கநல்லூர்ல ஒரு எக்ஸிட் இன்டர்வியூ, அதான் வேலைய விட்டு போறவங்ககிட்ட ஏன் போறீங்கன்னு கேக்கறது. இந்த மாசம் எனக்கு இது மூணாவது டீம் லீடர். சம்பளம் பத்தலையாம்மான்னு கேட்டேன், பதில் சொல்லாம போனை எடுத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் காட்டுனாங்க. மாசக்கடைசி க்ளோசிங், ஏற்கனவே ரெண்டு பேர் லீவு, மூணாவதா கேட்ட பையன்கிட்ட இவங்க முடியாதுன்னுட்டாங்க. அவன் நேரா மேனேஜருக்கு வாட்ஸப் போட்டிருக்கான், அவரு ஒரு கட்டைவிரல் எமோஜிய போட்டுட்டு வேற வேலைய பாக்க போயிட்டாரு. மறுநாள் காலைல சீட்டு காலியா இருந்தப்போதான் இவங்களுக்கே விஷயம் தெரியும். "அதுக்கப்புறம் யாரும் என்கிட்ட லீவு கேக்கறதில்ல சார், சும்மா சொல்லிட்டு போறாங்க."

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டாருன்னு சொல்லுவோம்ல, இங்க உல்டா, பூசாரி முடியாதுன்னா சாமியே எறங்கி வந்து குடுத்துடுது.

மேனேஜர்கிட்ட கேட்டா "என் கதவு எப்பவும் தொறந்திருக்கும்"னு பெருமை வேற. சார், கதவ தொறந்து வைங்க, யாரு மூடச் சொன்னா? வர்றவன் சொல்றத கேளுங்க, டீ கூட குடுங்க. ஆனா கேக்கறது வேற, அங்கயே தீர்ப்பு சொல்றது வேற. "உங்க டி.எல். என்ன சொன்னாங்க?"ன்னு ஒரு கேள்வி கேட்டாலே பாதி பேர் திரும்பி போயிடுவான். ஹென்றி ஃபயோல்னு பிரான்ஸ்ல சுரங்க கம்பெனி நடத்துன இன்ஜினியர் 1916லயே எழுதிட்டாரு, ஒரு ஆளுக்கு ஒரே மேலாள்தான் ஆர்டர் போடணும்னு. எம்.பி.ஏ. பாடம்தான், நீங்களும் எழுதி பாஸ் பண்ணிருப்பீங்க.

பாலியல் தொல்லை புகார் மட்டும் இந்த கணக்குல வராது. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல 2013 சட்டப்படி உள்புகார் கமிட்டி இருக்கணும், அதுக்கு யாரும் டி.எல்.ல கேட்டுட்டு வரவேண்டியதில்ல.

மத்தபடி, டி.எல். முடிவு தப்புன்னு தோணுனா தனியா கூப்பிட்டு சொல்லுங்க, மாத்தறதா இருந்தா அவங்க வாயாலயே மாத்த விடுங்க. ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் திட்டாதீங்க. லீவு, ஷிஃப்ட் இதெல்லாம் எதுவரைக்கும் அவங்க அதிகாரம்னு ஒரு மெயில்ல டீமுக்கே எழுதிப் போடுங்க. அப்ரைசல்ல அவங்க போட்ட ரேட்டிங்க சொல்லாம கொள்ளாம மாத்தாதீங்க, ப்ளீஸ், இத நான் கெஞ்சியே கேக்கறேன்.

சாயங்காலம் அந்த மேனேஜரே எனக்கு போன் பண்ணாரு. "நல்ல பொண்ணு சார், ஏன் போறான்னே புரியல, நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்களேன்." நோட்டீஸ் பீரியட் இன்னும் 41 நாள் இருக்கு, அந்த லீவு விஷயத்த நீங்களே போய் பேசுங்க சார்னு சொன்னேன். "எந்த லீவு?"ன்னாரு.