ஏழு கூட்டல் குறிகளும் ஒரு குழாயும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மடிக்கணினியில் 8 கோர், 16 ஜிபி நினைவகம். எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பை மூலநிரலிலிருந்து பில்ட் செய்யும்போது மேக் (make) கருவியிடம் 'ஜே 8' (-j8) என்றுதான் சொல்கிறேன். வெகுநேரம் ஒழுங்காகப் போகிறது. கடைசியில் மவுஸ்கூட நகர மறுக்கிறது. எட்டு கோருக்கு எட்டு வேலை என்பது சரிதானே?"

செயலியின் கோர்களைப் பொறுத்தவரை சரிதான். மாட்டிக்கொண்ட இடம் வேறு. அங்கே போகும் வழியில் காட்ட வேண்டியது ஒன்று இருக்கிறது.

1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய பில்ட் கருவி மேக். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று பார்த்து, மாறியதை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும், அதாவது மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும். ஒன்றையொன்று சாராத கோப்புகளை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யலாம் என்பதும், அந்த எண்ணிக்கையைத்தான் 'ஜே' குறிக்கிறது என்பதும் தெரிந்ததே.

பெரிய மென்பொருள்களில் ஒரு மேக், துணை அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) போய் இன்னொரு மேக்கை அழைக்கும். அது மற்றொன்றை அழைக்கும். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எட்டு வேலைகளைத் தொடங்கினால் இரண்டாம் படியில் 64, மூன்றாம் படியில் 512. இதற்கு குனூ திட்டத்தின் மேக் கண்ட தீர்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் குளிர்ந்துவிடுகிறது.

முதல் மேக் ஒரு பைப்பை, அதாவது ஒரு நிரல் எழுதுவதை இன்னொன்று படிக்கும் குழாயை, திறக்கிறது. அதற்குள் ஏழு எழுத்துகளைப் போடுகிறது. ஏழும் '+' குறிகள், அவ்வளவுதான். அதன் கீழ் பிறக்கும் ஒவ்வொரு மேக்குக்கும் அந்தப் பைப் தெரியும். ஒரு வேலை தொடங்க வேண்டுமா? பைப்பிலிருந்து ஓர் எழுத்தைப் படி. வேலை முடிந்ததா? அதைத் திரும்ப எழுது. பைப் காலியாக இருந்தால் படிக்க வந்த மேக்கை இயங்குதளத்தின் மையமான கர்னல் உறங்க வைத்துவிடும்; யாராவது ஒரு '+' போட்டதும் எழுப்பிவிடும். ஒரு பைட்டை இருவர் படிக்க முடியாது என்பதற்கு கர்னலே பொறுப்பு. மேற்பார்வையாளர் இல்லை, பட்டியல் இல்லை, பூட்டு இல்லை. ஏன் எட்டு போடாமல் ஏழு? ஒவ்வொரு மேக்கும் ஒரு வேலையை டோக்கன், அதாவது அந்த '+' குறி, இல்லாமலே செய்யலாம். துணை மேக்கைத் தொடங்கும்போதே தாய் மேக் அதற்காக ஓர் இடத்தை ஒதுக்கிவிட்டதல்லவா, அந்த இடம் அது.

ஒற்றைத் தண்டவாள நிலையங்களில் பிரம்பு வளையத்தை நீட்டியபடி நிற்கும் ஊழியரையும், ஓடும் எஞ்சினிலிருந்து கையை வளைத்து அதை வாங்கிக்கொள்ளும் ஓட்டுநரையும் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. டோக்கன் கையில் இல்லாமல் ரயில் அடுத்த பிரிவுக்குள் நுழையாது. மேக்கில் டோக்கன் ஒன்று தொலைந்தாலும் தெரிந்துவிடும்: முடிவில் எண்ணிப் பார்த்து, இத்தனை இருக்க வேண்டும், இத்தனைதான் இருக்கிறது என்று முறையிடும். ரஸ்ட் நிரல்மொழியின் பில்ட் கருவியான கார்கோவும் இந்தப் பைப்பிலிருந்து படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. உலகமே சாய்ந்து நிற்கும் இத்தகைய கருவிகளைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு கைப்பிடி பேர். புதிய திட்டங்களுக்கு நிதி ஒதுக்குவோர் பராமரிப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

'சுமை இந்த அளவைத் தாண்டினால் புது வேலை வேண்டாம்' என்று மேக்கிடம் சொல்லும் 'எல்' (-l) என்ற விருப்பமும் உண்டு. ஓடும், ஓடக் காத்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கையே சுமை. ஆனால் லினக்ஸின் ஒரு நிமிடச் சுமைச் சராசரி மெல்லத்தான் நகரும். 5 விநாடிக்கு ஒருமுறை பழைய மதிப்பில் 92 சதவீதத்தை வைத்துக்கொண்டு, புதியதில் 8 சதவீதத்தைச் சேர்க்கிறது. சும்மா இருந்த கணினியில் திடீரென 20 வேலைகள் ஓடினால், முதல் கணக்கெடுப்பில் சுமை 1.6 என்று காட்டும். 8ஐத் தொட அரை நிமிடம் ஆகும். அதற்குள் காரியம் கைமீறிவிடும். 2022இல் வந்த மேக் 4.4, லினக்ஸில் இந்தச் சராசரியை விட்டுவிட்டு, இந்தக் கணத்தில் ஓடத் தயாராக இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையையே பார்க்கிறது.

இனி வாசகரின் மவுஸுக்கு வருவோம். '+' குறிக்கு நினைவகம் தெரியாது. சிறு கோப்பைக் கம்பைல் செய்வதும் ஒரு வேலை. கம்பைல் ஆன துண்டுகளை, பிழைதேட உதவும் டீபக் தகவலோடு, எல்எல்விஎம்மின் பெரிய நிரல்களாக இணைக்கும் லிங்கரும் ஒரு வேலை. பின்னது ஒன்றே பல ஜிபியை விழுங்கும். கடைசிக் கட்டத்தில் எட்டு லிங்கர்கள் ஒன்றாகக் கிளம்பினால் 16 ஜிபி போதாது. கர்னல் நினைவகப் பக்கங்களை வட்டுக்கும் அங்கிருந்து இங்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். அப்போது வட்டுக்காகக் காத்திருக்கும் வேலைகளையும் லினக்ஸ் சுமையில் சேர்ப்பதால், கோர்கள் சும்மா இருக்க, சுமை மட்டும் ஏறிக்கொண்டே போகும். 'கோர் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டு' என்று மந்திரம்போல் சொல்லித் தருகிறார்களே, நினைவகத்தைப் பார்க்காமல் அதை ஓதுவது மூடநம்பிக்கை என்பேன்.

மேக்குக்குப் பதில் நிஞ்சா என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்துங்கள். எல்எல்விஎம்மின் அமைப்புகளில் இணைப்பு வேலைகளுக்கென்று தனி வரம்பு உண்டு. நிஞ்சாவில்தான் அது செல்லுபடியாகும். அதை 1 என்று வையுங்கள். கம்பைல் எட்டாகவே ஓடட்டும். டீபக் தகவல் தேவையில்லை என்றால் ரிலீஸ் வகையில் பில்ட் செய்யுங்கள். பில்டின் முன்னுரிமையைக் குறைக்கும் 'நைஸ் 19' சேர்த்தால், கோர்களுக்காகப் போட்டி வரும்போது உலாவி முந்திக்கொள்ளும். நினைவகப் பற்றாக்குறைக்கு மட்டும் அது உதவாது.