பொய்ச் சமிக்ஞைக்கு ஓர் உண்மைக் கட்டுரை

வெளியையே நீட்டிச் சுருக்கிக்கொண்டு பரவும் ஈர்ப்பலை 2015 செப்டம்பர் 14 அன்றே பதிவாகிவிட்டது. 2016 பிப்ரவரி 11 வரை ஏன் உலகுக்குச் சொல்லவில்லை என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

கருந்துளைகள் மோதும்போது எழும் இந்த அலை பூமியைக் கடக்கையில், அதைப் பதிவுசெய்ய அமெரிக்காவில் அமைத்துள்ள லைகோ கருவிகளின் 4 கிலோமீட்டர் நீளக் கைகள் புரோட்டானைவிடப் பல நூறு மடங்கு சிறிய அளவுக்கு நீண்டு சுருங்கும். லாரி ஓடினாலும் கருவியின் கண்ணாடிகள் நடுங்கும் என்பதால், எது அலை, எது இரைச்சல் என்று பிரிப்பதே பெரும்பாடு.

இதற்காக லைகோ விஞ்ஞானிகள் தங்களுக்கே ஒரு சோதனை வைத்துக்கொண்டார்கள். பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட மிகச் சிலர், யாருக்கும் தெரியாமல் அந்தக் கண்ணாடிகளை அசைத்து, அசல் அலை போலவே ஒரு போலிச் சமிக்ஞையைப் புகுத்தலாம். புகுத்தாமலும் இருக்கலாம். 2010 செப்டம்பர் 16 அன்று அப்படி ஒன்று வந்தது. பெருநாய் விண்மீன் கூட்டத்தின் திசையிலிருந்து வந்ததாகத் தோன்றியதால் 'பெருநாய்' என்றே அதற்குப் பெயர். தொலைநோக்கிகள் அத்திசைக்குத் திரும்பின. வெறும் இரைச்சல் இப்படி வேடம் போடுவது 7,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நேரும் என்று கணக்கு வந்தது. வரி வரியாக வாதிட்டு ஆய்வுக் கட்டுரையை எழுதி முடித்தார்கள். 2011 மார்ச் 14 அன்று கலிபோர்னியாவின் ஆர்க்கேடியாவில் எல்லாரும் கூடியிருக்க, அது அசலா போலியா என்ற ரகசியம் அடங்கிய உறை பிரிக்கப்பட்டது. பெருநாய் போலி. கட்டுரை ஆய்விதழுக்குப் போகவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. போலி என்று முன்பே தெரிந்திருந்தால் வேலையில் அசட்டை வந்திருக்கும். அசல் என்று தெரிந்திருந்தால் அவசரம் வந்திருக்கும். எது என்று தெரியாதவர்தான் ஒவ்வொரு எண்ணையும் ஒழுங்காகச் சரிபார்ப்பார்.

2015இல் அலை வந்ததும் பலருக்கும் எழுந்த முதல் சந்தேகம், யாராவது புகுத்தினார்களா என்பதுதான். இல்லை என்று உறுதியான பிறகும் மாதக்கணக்கில் சரிபார்த்தார்கள். இம்முறை வந்த கணக்கு, 2,03,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கும் குறைவு. ஜனவரியில் அனுப்பிய கட்டுரையை வெளியார் மதிப்பிட்ட பிறகே பிப்ரவரி 11 அன்று கட்டுரையும் அறிவிப்பும் ஒன்றாக வெளிவந்தன. அலை பதிவான நேரத்துத் தரவையும் அன்றே பொதுவில் வைத்தார்கள்.

இதற்கு நேர்மாறாக, 1989 மார்ச்சில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம், சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவு அறை வெப்பநிலையிலேயே நடந்துவிட்டதாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னது. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை. 1996இல் நம் ஊர் மூலிகைப் பெட்ரோலுக்குக் கிடைத்த கைத்தட்டலும் சோதனைக்கு முந்தியதுதான்.

மராட்டியத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் இதே போன்ற கருவியான லைகோ-இந்தியாவை அமைக்க 2023இல் சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. அதில் ஒரு சிறு பங்கை, முடிவுகளை மராத்தியிலும் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் தரவோடு வெளியிடுவதற்கென்று இப்போதே ஒதுக்க வேண்டும். பணம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று இந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை.