அலகு: கடைக் கணக்கில் ‘யூனிட்’

கொப்பிக் கணக்கிலிருந்து கணினிக்கு மாறும் யாழ்ப்பாணத்துக் கடைகளில், பொருட்களைப் பதியத் தொடங்கியதும் இடறுவது ‘யூனிட்’ என்ற கட்டத்தில்தான். பெயர் சரி, விலையும் சரி, இதில் என்ன போடுவது? பலர் ‘பெட்டி’ என்று போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

யூனிட் ஆங்கிலத்திலும் அவ்வளவு பழைய சொல் இல்லை. 1570இல் யூக்ளிட்டின் வடிவியல் நூல் ஆங்கிலத்தில் வந்தபோது, அதற்கு முன்னுரை எழுதிய ஜோன் டீ, கிரேக்க ‘மொனாஸ்’ என்பதற்கு ஈடாக இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ‘ஒன்று’ என்று பொருள்படும் லத்தீன் ‘ஊனுஸ்’ இதன் வேர். எண்ணும்போது எதை ஒன்று என்று வைத்துக்கொள்கிறோமோ அதுதான் யூனிட்.

தமிழில் அலகு. பறவையின் மூக்குக்கும் அதே பெயர்தான் என்றாலும், எண், அளவு என்ற பொருளும் இதற்குப் பழையது. கம்பரின் ‘அலகிலா விளையாட்டு’ அளவில்லாத விளையாட்டு. செய்யுளை அசை பிரித்துப் பார்ப்பது அலகிடுதல். மின்சாரப் பட்டியலிலும் அலகு வந்து கனகாலம். ஆகவே புதுச்சொல் தேடி அலையத் தேவையில்லை. விளக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘அளவலகு’ எனலாம். சில மொழிபெயர்ப்புகளில் வெறும் ‘அளவு’ என்று போடுகிறார்கள், அது பிழை. ‘25 கிலோ’ முழுவதும் அளவு. கிலோ மட்டுமே அலகு.

எங்கள் ஊரில் அலகுக்குப் பஞ்சமில்லை: சுண்டு, கொத்து, புசல், அந்தர். பழைய அந்தர் 112 இறாத்தல், ஏறக்குறைய 50.8 கிலோ. இன்று 50 கிலோ உரப்பையையும் வாய்ப்பேச்சில் அந்தர் என்கிறோம். மென்பொருளுக்கு வாய்ப்பேச்சு விளங்காது. ஓர் அந்தர் எத்தனை கிலோ என்று எழுதிக்கொடுக்க வேண்டும். (மீன் சந்தையின் ‘கூறு’ எந்த மென்பொருளுக்கும் அடங்காது. கூறு போடுகிறவரின் கைதான் அங்கே அலகு.)

டாலி (Tally) போன்ற கணக்கு மென்பொருள்களில் தனியலகும் உண்டு, இரண்டு தனியலகுகளை இணைக்கும் கூட்டலகும் உண்டு. டசன் என்றால் 12, எந்தப் பொருளுக்கும் மாறாது. அதற்குக் கூட்டலகு பொருந்தும். பெட்டி அப்படியில்லை. சவர்க்காரப் பெட்டியில் ஒரு கணக்கு, பிஸ்கட் பெட்டியில் வேறு கணக்கு. இதற்குத்தான் அந்தந்தப் பொருளுக்குள்ளேயே குறிக்கும் மாற்று அலகு. ஹாட்வெயார் கடைக்காரருக்கு இது இல்லாமல் முடியாது: கம்பியைத் தொன் கணக்கில் வாங்கி, எண்ணி விற்கிறார். 10 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்குச் சுமார் 0.617 கிலோ, 12 மில்லிமீற்றர் என்றால் 0.888 கிலோ. இரண்டுக்கும் ஒரே மாற்றுக் கணக்கைப் போட்டால் வருட முடிவில் இருப்பு எப்படிச் சரிவரும்?

அடிப்படை அலகாக, கடையில் உடைத்து விற்கும் ஆகச் சிறிய அளவையே வைப்பது நல்லது. தசம இடமும் அலகோடு சேர்ந்ததுதான்: கிலோவுக்கு 3, தேங்காய்க்கு 0. அப்புறம் பார்த்து மாற்றலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கொள்வனவு பதிந்துவிட்டாலே பல மென்பொருள்கள் அந்தப் பொருளின் அலகை மாற்ற விடுவதில்லை. புதிய பெயரில் பொருளைத் திறந்து, இருப்பை அதற்கு மாற்ற வேண்டிவரும்.