மறதி நோயும் கிறிஸ்துவோடுள்ள ஐக்கியமும்

மருத்துவமனையில் ஆன்மிக ஆலோசகராகப் பணியாற்றும் என்னிடம், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் முற்றிய முதியவர்களின் பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஜெபத்தையும் வேதத்தையும் மறந்து, ஆண்டவரின் பெயரைச் சொன்னாலும் முகத்தில் சலனமில்லாமல் இருக்கும் எங்கள் அம்மாவின் இரட்சிப்பு என்னவாகும்? கேட்பவர்களில் பெரும்பாலோர் ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்பவர்கள். ஆனாலும் இறைவனோடுள்ள ஐக்கியம் மனிதரின் நினைவாற்றலை நம்பி நிற்பதாகவே எண்ணியிருக்கிறார்கள்.

திருச்சபையின் உபதேசம் அப்படியன்று. யோவான் 10ஆம் அதிகாரத்தில் பாதுகாப்பு ஆடுகளின் பிடியில் இல்லை, மேய்ப்பரின் கையில் இருக்கிறது. 1563இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் உருவான வினாவிடை (விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் நூல்), வாழ்விலும் சாவிலும் உன் ஒரே ஆறுதல் எது என்ற முதல் கேள்விக்கு, உடலாலும் ஆத்துமாவாலும் நான் எனக்கல்ல, கிறிஸ்துவுக்கே சொந்தம் என்ற பொருளில் விடை தருகிறது. 1647ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை இன்னும் ஒரு படி மேலே சென்று, இறந்த விசுவாசிகளின் உடல்கள் உயிர்த்தெழும் நாள்வரை கல்லறையிலும் கிறிஸ்துவோடு இணைந்தே இருக்கின்றன என்கிறது. மூளை மண்ணோடு மண்ணான பின்னும் அறுபடாத உறவு, அதே மூளை உயிரோடு நலிவதால் அறுந்துவிடும் என்று அஞ்சுவதற்கு இடமே இல்லை.

விசுவாசி விலகிப்போக முடியும் என்று மெதடிஸ்ட் சபையார் போதிப்பதும், மெய்யான விசுவாசி இறுதிவரை காக்கப்படுவார் என்று சீர்திருத்தச் சபையார் போதிப்பதும் உண்மைதான். ஆனால் அந்த வாதம் மனமறிந்து மறுதலிப்பதைப் பற்றியது, நோயைப் பற்றியதன்று.

இது புரியாததால் நேரும் துன்பத்தை வார்டில் பார்க்கிறேன். பார்க்க வருகிறவர்கள், கடைசி நேரத்திலாவது விசுவாசத்தை அறிக்கையிடட்டும் என்று நோயாளியை உலுக்கி உலுக்கிக் கேள்வி கேட்கிறார்கள். அவர் மிரள்கிறார், மகள் குற்றவுணர்வோடு தலைகுனிகிறாள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பரமண்டல ஜெபத்தையோ இளமையில் அவர் பாடிய கீர்த்தனையையோ மெல்லச் சொல்லுங்கள். மறதி நோயில் பழைய பாட்டுகள் பெரும்பாலும் மற்ற நினைவுகளைவிட நீண்ட காலம் தங்கியிருப்பதால், சிலர் உதடசைத்துக் கூடவே சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் அதைக் கொண்டு எதையும் தீர்மானிக்க வேண்டாம். பிள்ளைகள் அழுதால் அழ விடுங்கள். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினாரே தவிர, துக்கமே கூடாது என்று எழுதவில்லை.

திருவிருந்து கொடுப்பதற்கு முன் செவிலியரிடம் கேளுங்கள், ஏனெனில் நோய் முற்றியவர்களுக்கு அப்பத் துண்டும் தண்ணீர்போன்ற இரசமும் புரையேறி நுரையீரலுக்குள் போகக்கூடும். அப்பத்தை விழுங்க இயலாதவருக்கு இரசத்தை மட்டும் வழங்கக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. அதுவும் ஆகாது என்று மருத்துவர் சொன்னால், கையைப் பிடித்து ஜெபித்துவிட்டு வாருங்கள். அன்று அப்பமும் இரசமும் பெறாததால் அவர் ஆண்டவரை விட்டு எட்டிப்போய்விடுவதில்லை.